குத்தகைக்கு வந்த கோட்டைக்காரர்கள்

தரங்கம்பாடியைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளில் பெரும்பாலானவை "டென்மார்க்காரர்கள் ஆண்ட ஊர்" என்ற வரியோடு தொடங்கி, கோட்டையின் படத்தோடு முடிந்துவிடுகின்றன. அந்த வரியில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. 1620 முதல் 1845 வரை, ஏறத்தாழ 225 ஆண்டுகள் டேனியர்கள் அங்கே இருந்தார்கள், கொடி ஏற்றினார்கள், வரி வசூலித்தார்கள், வழக்குகளைத் தீர்த்தார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர்கள் அந்த மண்ணில் கால் வைத்தது தஞ்சாவூர் நாயக்கரின் அனுமதியோடு, ஆண்டுதோறும் குத்தகைப் பணம் கட்டுவதாக ஒப்புக்கொண்ட பிறகு. மதிலுக்குள் அவர்கள் எவ்வளவு மிடுக்காக இருந்தாலும், மதிலுக்கு வெளியே தஞ்சாவூர் அரண்மனையின் மனம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்தக் குத்தகைக்காரர் நிலையை மறந்துவிட்டுப் படித்தால், தரங்கம்பாடியின் வரலாற்றில் பாதி விளங்காது.

ஊரும் டேனியர்கள் உண்டாக்கியதன்று. கடலோரத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. பட்டினம் என்ற பெயரைப் பெறும் அளவுக்கு அப்போதே இங்கு வணிகம் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். வடக்கே பூம்புகார், தெற்கே காரைக்கால், அதற்கும் தெற்கே நாகப்பட்டினம் எனக் காவிரிப் படுகையின் நெல்லும் துணியும் கடலைச் சேரும் வழிகளின் வரிசையில் இதுவும் ஒன்று. ஐரோப்பியக் கப்பல் ஒன்று இங்கே ஒதுங்கியதில் வியப்பதற்கு ஏதுமில்லை. அது டேனியக் கப்பலாக இருந்ததுதான் வியப்பு.

அந்த வருகையே ஒரு தோல்வியின் விளைவு. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1616-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றுக்கு உரிமை அளித்தார். மார்செலிஸ் டி போஷவர் என்ற டச்சுக்காரர், தாம் கண்டி அரசரின் தூதர் என்று சொல்லிக்கொண்டு கோபன்ஹேகனுக்கு வந்து, இலங்கையின் வணிகத்தையே டேனியர் கையில் ஒப்படைப்பதாக ஆசை காட்டினார். அதை நம்பி 1618-இன் இறுதியில் ஓவே கெட்டே என்ற இளம் பிரபுவின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. பயணம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இழுத்தது. நோயில் மாலுமிகள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள்; போஷவரும் வழியிலேயே இறந்துபோனார். இலங்கையை அடைந்தபோது, கண்டி அரசர் போஷவர் செய்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்துவிட்டார். அவர்களுக்கு முன்னதாகவே ரோலண்ட் கிராப்பே என்பவரின் தலைமையில் புறப்பட்ட கப்பல் சோழமண்டலக் கரையில் போர்ச்சுக்கீசியரிடம் சிக்கி அழிந்தது. ஒருசில ஆட்களோடு தப்பிக் கரையேறிய கிராப்பே, தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரின் அவையை அடைந்தார். அங்கே அவர் பேசிப் பெற்ற இடம்தான் தரங்கம்பாடி. கெட்டே வந்து சேர்ந்து, 1620 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

நாயக்கருக்கும் இதில் கணக்கு இல்லாமல் இல்லை. நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியர் வேரூன்றியிருந்தார்கள். டச்சுக்காரர் பழவேற்காட்டில் இருந்தார்கள். தம்முடைய கரையில் ஒரே வாங்குபவனை நம்பி இருப்பதைவிட, போட்டிக்கு இன்னொருவனைக் கொண்டுவந்து குடியேற்றுவது எந்த அரசனுக்கும் நல்லதுதான். டேனியர் சிறிய நாட்டினர், ஆள்பலம் குறைந்தவர்கள், தேவைப்பட்டால் வெளியேற்றவும் எளிதானவர்கள். ஆண்டுக் குத்தகையைப் பிற்காலக் குறிப்புகள் 3,111 ரூபாய் என்று கணக்கிடுகின்றன. இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொற்தகட்டில் தமிழில் எழுதி, தெலுங்கில் தம் ஒப்பத்தை இட்டு அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. ஓர் அரசர் மற்றோர் அரசருக்கு எழுதும் நிமிர்வு அந்தப் பொற்தகட்டிலேயே தெரிகிறது. அதைப் பணிந்துபோனவரின் கடிதமாக யாரும் படிக்க முடியாது.

கடலைப் பார்த்தபடி டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. கீழ்த்தளத்தில் கிடங்குகள், வீரர்களின் இருப்பிடம், சிறை. மேல்தளத்தில் ஆளுநரின் அறைகளும் வழிபாட்டு இடமும். இராணுவக் கோட்டை என்பதைவிடக் காவலோடு கூடிய பண்டகசாலை என்று சொன்னால் பொருந்தும். மிளகையும் துணியையும் வாங்கிச் சேர்த்து, கப்பல் வரும்வரை பூட்டி வைக்க வேண்டும். அதற்குத்தான் அந்தத் தடித்த சுவர்கள்.

கப்பல்தான் வரவில்லை. டென்மார்க் ஐரோப்பாவின் போர்களில் இறங்கிப் பணத்தை இழந்தது. 1643-இல் வந்த கிறிஸ்டியன்ஸ்ஹாவ்ன் என்ற கப்பலுக்குப் பிறகு 1669 வரை தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இந்த இருபத்தாறு ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடுவது எழுதுபவர்களின் வழக்கம். எனக்கோ இந்த ஊரின் கதையிலேயே மிகவும் சுவையான பகுதி இதுதான். சம்பளம் இல்லை, செய்தி இல்லை, பதிலாள் இல்லை. ஒவ்வொருவராக இறந்தும் விலகியும் போக, 1655 அளவில் கோட்டையில் எஞ்சிய டேனியர் ஒரே ஒருவர்: எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரணப் படைவீரர். பிரபு குடும்பத்தவரும் அல்லர், அதிகாரியும் அல்லர். அவர் கோட்டையைப் பூட்டிவிட்டு எந்த டச்சுக் கப்பலிலாவது ஏறிப் போயிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டார், வங்கக் கடலில் கப்பல்களை மறித்துப் பொருள் சேர்த்தார், தஞ்சாவூர்ப் படைகள் குத்தகைப் பாக்கிக்காக வந்து முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்தார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669-இல் ஃபாரோ என்ற கப்பல் வந்து நங்கூரம் இட்டபோது, கோட்டையில் டேனியக் கொடி பறந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் அவரையே முறைப்படி தலைவராக ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஆண்டுகளில் கோட்டையைக் காத்தவர்கள், அங்கே சமைத்தவர்கள், பீரங்கிக்கு மருந்து அடைத்தவர்கள் எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள்தாம் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒரே ஒரு டேனியரை வைத்துக்கொண்டு "டேனியர் ஆட்சி" எப்படி நடந்திருக்க முடியும்?

தஞ்சாவூரில் நாயக்கர்கள் போய் மராட்டியர் வந்த பிறகும் குத்தகை உறவு தொடர்ந்தது, உரசல்களும் தொடர்ந்தன. 1699-இல் தஞ்சாவூர்ப் படை ஊரை முற்றுகையிட்டபோது, சென்னையிலிருந்து ஆங்கிலேயர் ஆள் அனுப்பி உதவ வேண்டியதாயிற்று. பெரியவர்களின் தயவில் நிலைத்த சிறியவர்கள் என்பதே டேனியரின் நிலை கடைசிவரை.

இனி அச்சுக்கூடம். தரங்கம்பாடி என்றவுடன் தமிழ் படித்தவர்களின் நினைவுக்கு வருவது வணிகத்தைவிட இதுவே. அதில் நியாயமும் உண்டு. மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளுட்சாவ் என்ற இரண்டு இளம் ஜெர்மானியப் போதகர்கள் 1706 ஜூலை 9-ஆம் நாள் வந்து சேர்ந்தார்கள். அவர்களைக் கம்பெனி அதிகாரிகள் வரவேற்கவில்லை. மத மாற்றம் வணிகத்தைக் கெடுக்கும் என்பது அவர்களின் அச்சம். குத்தகைக்கு இருப்பவன் அக்கம்பக்கத்தாரின் பகையைத் தேடிக்கொள்வானா என்று அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் விளங்குகிறது. தளபதி ஹாசியுஸ் 1708-இல் சீகன்பால்கைப் பிடித்துக் கோட்டைச் சிறையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார். மன்னரின் ஆணையோடு வந்தவரை மன்னரின் கோட்டையிலேயே பூட்டி வைத்த விந்தையும் இந்த ஊரில் நடந்தது.

சீகன்பால்க் தமிழ் கற்ற விதம் பலரும் அறிந்ததே: திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதிப் பழகினார். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர் சேர்த்த சுவடிகள். ஊர் ஊராக ஆள் அனுப்பி ஏடுகளை விலைக்கு வாங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு 1708-இலேயே ஒரு பட்டியல் எழுதினார். எந்த நூலில் என்ன இருக்கிறது, அதை மக்கள் எப்படி மதிக்கிறார்கள் என்பதையும் குறித்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் அதே ஆண்டில் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். இவற்றுக்குப் பின்னால் அழகப்பன் போன்ற உள்ளூர் ஆசிரியர்களின் உழைப்பு இருந்தது. கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன், போதகர்களுக்கு உதவிய காரணத்தால் பெரும் துன்பத்துக்கு ஆளாகி ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. சீகன்பால்குக்குச் சிலை இருக்கிறது; அழகப்பனின் பெயர் ஆய்வாளர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் சீகன்பால்க் எழுதி முடித்த நூலை, ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மதப்பணித் தலைவர்கள் அச்சிட மறுத்தார்கள். புறச் சமயத்தை ஒழிக்க அனுப்பியவர், அதைப் பற்றி ஐரோப்பாவில் பரப்புவதா என்று சினந்தார்கள். அது அச்சேற 1867 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் சென்னையில்.

அச்சுப்பொறி வந்த கதை தனிக் கதை. லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பிய பொறி, வழியில் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டு மீட்கப்பட்டது. அதோடு வந்த அச்சர் கடலிலேயே இறந்துபோனார். 1712-இல் பொறி கரை சேர்ந்தபோது அதோடு இருந்தவை போர்ச்சுக்கீசிய மொழிக்கான எழுத்துகள். தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு அடுத்த ஆண்டு வந்தன. அவை அளவில் மிகப் பெரியவை. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. எனவே பக்கத்திலுள்ள பொறையாறில் உலை அமைத்துச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். ஈயம் போதாதபோது, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கியதாகச் சொல்வார்கள். காகிதம் கப்பலில் வர வேண்டியிருந்ததால் காகித ஆலை ஒன்றையும் தொடங்கிப் பார்த்தார்கள். அது நெடுநாள் ஓடவில்லை. இவ்வளவு இடர்களுக்கும் இடையே நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இலும், எஞ்சிய பகுதிகள் 1715-இலும் அச்சாகி முடிந்தன. இந்திய மொழி ஒன்றில் முழுமையாக அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அது.

தரங்கம்பாடியை "தமிழின் முதல் அச்சகம்" என்று பேருந்து நிலையப் பலகை முதல் பட்டிமன்றம் வரை சொல்லி வருகிறார்கள். அது சரியன்று. கொல்லத்தில் 1578-இலேயே "தம்பிரான் வணக்கம்" தமிழில் அச்சாகிவிட்டது. ஆனால் அந்த முயற்சிகள் தொடர்ச்சி அறுந்து போயின. தரங்கம்பாடியில்தான் எழுத்து வார்ப்பதும் காகிதம் தேடுவதும் பிழை திருத்துவதும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களின் அன்றாடத் தொழிலாகின. இல்லாத முதன்மையைச் சூட்டுவதைவிட இந்த உண்மை போதுமான பெருமை.

சீகன்பால்க் 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்து, தாம் முந்தைய ஆண்டு கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார். அந்த ஆலயத்துக்குள்ளும் சாதி வாரியாகப் பிரிந்தே மக்கள் அமர்ந்தார்கள். போதகர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். மதிலுக்குள்ளே பொதுவாகவே அப்படித்தான். வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்த சாதியினரின் பூசல்கள் ஊர்வலம், பல்லக்கு, குடை என்று ஒவ்வொன்றிலும் வெடித்தன. தங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வராவிட்டால், ஒரு பிரிவினர் கூட்டமாக ஊரை விட்டு வெளியேறித் தஞ்சாவூர் எல்லைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நெசவாளரும் சுமை தூக்குபவரும் இல்லாமல் துறைமுகம் எப்படி நடக்கும்? ஆளுநர் இறங்கி வருவார். எல்லைக்கு அப்பால் வேறோர் அரசு இருந்தது சாதாரணக் குடிகளுக்கும் ஒரு பிடியாக உதவியது.

இங்கே தங்கியவர்களில் தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் தனித்துத் தெரிகிறார். 1768-இல் மருத்துவராக வந்த அவர், அக்கம்பக்கத்துச் செடிகொடிகளைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் தொடங்கிவைத்த வேலையை ரோட்லர் முதலிய போதகர்கள் தொடர்ந்தார்கள். பல உயிரினங்களின் அறிவியல் பெயர்களில் "டிராங்குபாரிகா" என்று இந்தச் சிற்றூரின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தக் காலத்தின் தடயம். சிவந்த உடலும் கழுத்தில் கறுப்புப் பட்டையும் கொண்ட புறா ஒன்றும் அவற்றில் அடக்கம். 1750-இல் இங்கு வந்திறங்கிய போதகர் சுவார்ட்ஸ் பின்னர் திருச்சிராப்பள்ளிக்கும் தஞ்சாவூருக்கும் போய், இளவரசராக இருந்த இரண்டாம் சரபோஜியின் பாதுகாவலரானார். குத்தகை வாங்கிய அரண்மனையின் பிள்ளையைக் குத்தகைக்காரர் ஊர் வழியாக வந்தவர் வளர்த்தார். நிக்கோபார் தீவுகளை 1756-இல் உரிமை கொண்டாடிக் குடியேற்றம் அமைக்க இங்கிருந்து போனவர்களின் கதை இவ்வளவு நன்றாக முடியவில்லை. காய்ச்சலில் பலர் மடிந்தார்கள், டேனியருக்குக் கல்லறைகளே மிஞ்சின.

வணிகத்தைப் பொறுத்தவரை, தரங்கம்பாடி செழித்ததெல்லாம் பிறர் சண்டையிட்ட காலங்களில்தான். அமெரிக்க விடுதலைப் போரின்போது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் ஒருவர் கப்பலை மற்றவர் பிடித்துக்கொண்டிருக்க, நடுநிலைக் கொடி பறந்த டேனியக் கப்பல்கள் தடையின்றிச் சென்றன. ஆங்கிலக் கம்பெனி ஊழியர்கள் இங்கே சேர்த்த முறைகேடான செல்வத்தைத் தம் முதலாளிகளின் கண்ணில் படாமல் ஐரோப்பாவுக்கு அனுப்ப அக்கப்பல்களையே நாடினார்கள். இராஜ வீதியின் பெரிய வீடுகள் பலவும், 1784-ஆம் ஆண்டினதாகச் சொல்லப்படும் ஆளுநர் மாளிகையும், 1792 என்ற ஆண்டைத் தாங்கி இன்றும் நிற்கும் நகர வாயிலும் இந்தப் பணத்தின் காலத்தைச் சேர்ந்தவை. நடுநிலை போனதும் எல்லாம் போயிற்று. கோபன்ஹேகன் கடலில் ஆங்கிலேயர் டேனியக் கடற்படையைத் தாக்கிய 1801-இல் தரங்கம்பாடி அவர்கள் கைக்குப் போய், மறு ஆண்டு திரும்பியது. 1808-இல் மீண்டும் போய் 1815-இல்தான் திரும்பியது. இரண்டு முறையும் ஊர்க்காரர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

திரும்பக் கிடைத்த ஊரில் வாங்கவும் விற்கவும் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் துணி வந்த பிறகு சோழமண்டலத் துணியைக் கேட்பார் இல்லை. 1845-இல் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்து, 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு டேனியர் விற்றுவிட்டார்கள். குத்தகைக்கு வந்தவர்கள் இடத்தை விற்றுக் காசாக்கிக்கொண்டு போனார்கள். இடத்தைக் கொடுத்த தஞ்சாவூர் அரசுக்கு அப்போது கேள்வி கேட்கும் அதிகாரம் மிச்சமில்லை.

சில ஆண்டுகள் தஞ்சாவூர் மாவட்டத்தின் தலைமையிடம் இங்கே இருந்தது. 1860-இல் அதுவும் தஞ்சாவூருக்குப் போயிற்று. அதற்கு அடுத்த ஆண்டுகளில் இரயில் பாதை நாகப்பட்டினத்துக்குப் போடப்பட்டபோது தரங்கம்பாடித் துறையின் கணக்கு முடிந்தது. மயிலாடுதுறையிலிருந்து இந்த ஊருக்குக் கிளைப் பாதை வந்தது 1926-இல்தான். அதையும் 1980-களில் நிறுத்திவிட்டார்கள். பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லாததாலேயே அவை தப்பின என்று நான் நினைக்கிறேன். வறுமை பாதுகாத்ததைத்தான் பிறகு வந்த டேனிய அருங்காட்சியகத்தாரும் மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பினரும் செப்பனிட்டார்கள்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது அதிகம் இழந்தவர்கள் கோட்டைக்கு அருகிலுள்ள மீனவர்கள்தாம். கோட்டை பெரிய சேதமின்றி நின்றது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையோ கடல் அதற்கு முன்பே சிறுகச் சிறுகத் தின்றுவிட்டிருந்தது. கருங்கற்களைக் கொட்டித் தடுத்த பிறகே எஞ்சியது தப்பியது. இன்று கோட்டைக்கு வருபவர்களில் பலர் அந்தக் கோயில் வரை நடப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது சில நிமிட நடைதான். டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு பட்டினம் இருந்தது என்பதற்கான கல்வெட்டு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. போகிறவர்கள் முதலில் அங்கே போய்விட்டுப் பிறகு கோட்டைக்கு வருவது நல்லது.